உள்ளங்கையளவு முதுகு

ஜூன் 6
நெஞ்சு நோய் ஆஸ்பத்திரி, பெண்கள் பிரிவு

அண்ணிக்கு,

"நாளைக்கு ஒண்ணுன்னா என் வாசல்ல வந்து நிக்காதே" என்று நீங்கள் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. இப்போதும் நான் வந்து நிற்கவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டுதான் கேட்கிறேன்.

உங்கள் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பிறக்க வேண்டிய நாளுக்கு வெகு முன்னாலேயே அவசரப்பட்டு வந்துவிட்டாள். பிரசவத்தின்போதுதான் எனக்குக் காசநோய் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வழக்கமான மருந்துக்கு அடங்காத வகையாம். அவளை ஒரு வண்டியில் ஏற்றி உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். என்னை இன்னொரு வண்டியில் இங்கே. துணிச்சுருளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாதத்தை மட்டும்தான் பார்த்தேன். என் கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. அதையும் தொடவில்லை.

அவர் கப்பலில் இயந்திர அறையில் இருக்கிறார். கரைக்கு வர அக்டோபர் ஆகிவிடும். எனக்கு அம்மா இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். உங்களை விட்டால் ஆளில்லை என்று எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டேன். நாம் பேசாமல் இருந்ததிலும் ஒரு நன்மை பாருங்கள்: என் மூச்சுக்காற்று இரண்டு வருடமாக உங்கள் மேல் படவில்லை. உங்களைக் குழந்தையிடம் தயங்காமல் விடுவார்கள்.

போன் வேண்டாம். பேசினால் இரண்டாவது வார்த்தையில் இருமல் வருகிறது. உங்களோடு என்றால் மூன்றாவது வார்த்தையில் சண்டையும் வரும். காகிதத்தில் நோய் ஒட்டாது என்று டாக்டர் சொன்னார். பயப்படாமல் படியுங்கள். போய்ப் பார்த்துவிட்டு, இருப்பதை இருப்பதுபோல எழுதுங்கள்.

உங்கள் தம்பி மனைவி

*

ஜூன் 10

டீச்சருக்கு,

உன் கடிதம் வரும் முன்பிருந்தே நான் அந்த ஆஸ்பத்திரியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். தம்பி கப்பலிலிருந்து செய்தி அனுப்பிவிட்டான். அவன் பிள்ளை என்பதால் போனேன், உனக்காகப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இருப்பதை எழுதச் சொன்னாய். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். லாண்டரியில் கைத்துண்டை நாலாக மடித்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். தோல் அத்தனை மெல்லிசு. உள்ளே ரத்தம் ஓடுகிற பாதை தெரிகிறது. மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு ஒயர், மார்பில் இரண்டு. தலையில் பொம்மைக்குப் போடுகிற மாதிரி ஒரு தொப்பி. நர்ஸுகள் 'பொட்டு' என்று கூப்பிடுகிறார்கள். "பொட்டு இன்னைக்குச் சமத்து", "பொட்டுக்குப் பால் செரிக்கல." இரண்டாவதைத்தான் அடிக்கடி கேட்கிறேன். வேறு தாய்மார் கொடுத்த பாலைக் குழாய் வழியாக விடுகிறார்கள். வயிற்றில் அப்படியே தங்கிவிடுகிறது. எடை ஏறவில்லை.

நேற்று ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தாள். "மூச்சு கொஞ்சம் சீராயிடுச்சு. மசாஜ் ஆரம்பிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. தினமும் வர்ற வீட்டு ஆளே கத்துக்கிட்டா நல்லது. உங்க கையைக் காட்டுங்க" என்றாள்.

நான் கையைப் பைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஓட்டல் படுக்கை விரிப்புகளை நீராவி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தே காய்த்துப்போன கை. சூடுபட்ட தழும்பு வேறு. பட்டுப்புடவையில் வைத்தாலே நூல் இழுக்கும். இதை அந்தத் தோலில் வைப்பதா? முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

தாயின் சம்மதமும் வேண்டுமாம். வேண்டாம் என்று எழுதிவிடு. எனக்கும் நிம்மதி.

அவளுடைய அத்தை

*

ஜூன் 14

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. ஒயரும் குழாயுமாகக் கிடக்கிற பிள்ளைக்கு மசாஜா? உடம்பு வலிக்கிறவர்கள் கடைக்குப் போய்ச் செய்துகொள்கிற விஷயம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். காலையில் டாக்டர் வந்ததும் வாக்குவாதத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

அவர் முகமூடிக்குள் சிரித்தார். "குறைமாசக் குழந்தைங்களுக்கு இது பல இடத்துல செய்யிறதுதாம்மா. அதே பாலைக் குடிச்சாலும், தினமும் தடவிக் கொடுக்கிற குழந்தைக்கு எடை கொஞ்சம் வேகமா ஏறுது. வயித்துக்குள்ள இருந்திருந்தா நாலு பக்கமும் உங்க உடம்பு அவளைத் தொட்டுக்கிட்டே இருந்திருக்கும். இப்ப அவளைத் தொடுறதெல்லாம் ஊசியும் பிளாஸ்டரும்தான்" என்றார்.

சம்மதக் கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் கை காய்த்துப்போனது என்று எனக்குத் தெரியும். அந்தக் கையால் ஒரு டம்ளரைக்கூட நான் வைத்த இடத்தில் இருக்க விட்டதில்லை நீங்கள். அதனால்தானே வீட்டைவிட்டே போனோம். இன்றைக்கு அதே கையைத்தான் கேட்கிறேன். வெந்நீரில் ஊறப்போடுங்கள், நகத்தை வெட்டுங்கள், என்ன செய்வீர்களோ தெரியாது. தொடுங்கள். நான் தொடாத பிள்ளையை நீங்கள் தொடப்போகிறீர்கள் என்பது எனக்கு எப்படி இருக்கிறது என்று எழுத மாட்டேன்.

தொட்டதும் எழுதுங்கள். ஒன்றுவிடாமல்.

*

ஜூன் 20

டீச்சர்,

தொட்டேன்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நாலு நாள் ராத்திரி வெந்நீரில் கையை ஊறவைத்து, எண்ணெய் தடவி, பழைய துணியால் தேய்த்தேன். வளையலைக் கழற்றினேன். அங்கே போனதும் முழங்கை வரைக்கும் கழுவச் சொன்னார்கள். பிறகு பிசியோ பெண் மணமில்லாத எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, கை சூடாகும்வரை தேய்க்கச் சொன்னாள். பெட்டியின் பக்கவாட்டில் வட்டமான இரண்டு கதவு இருக்கிறது. அதற்குள் கையை விட்டேன். உள்ளே காற்று வெதுவெதுப்பாக இருந்தது.

பயத்தில் விரல் நுனியால், பட்டும் படாமல் தொட்டேன். அவ்வளவுதான். உடம்பு தூக்கிவாரிப்போட்டு, கையும் காலும் விரிந்து, மெஷின் கத்த ஆரம்பித்துவிட்டது. நான் கையை இழுத்துக்கொண்டேன். கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

"ஒண்ணும் ஆகல. கையை எடுக்காதீங்க" என்றாள் அந்தப் பெண். "பூவைத் தொடுற மாதிரி தொட்டா அவளுக்குக் கூசும், பயந்துடுவா. உள்ளங்கையை முழுசா வைங்க. முதல்ல தடவ வேண்டாம், சும்மா வைங்க. நீங்க இருக்கீங்கன்னு அவளுக்குத் தெரியட்டும்."

வைத்தேன். அவள் குப்புறப் படுத்திருந்தாள். என் உள்ளங்கைக்குள் அந்த முதுகு முழுவதும் அடங்கிவிட்டது. கழுத்திலிருந்து இடுப்புவரை, அவ்வளவும். உள்ளே இதயம் அடிப்பது என் கைக்குத் தெரிந்தது. எத்தனையோ சூட்டைப் பிடித்த கை இது. இப்படி ஒரு சூட்டை அறிந்ததில்லை.

"இப்ப கழுத்துலேருந்து கீழே. மெதுவா, ஆனா உறுதியா." தடவினேன். தோளிலிருந்து கைக்கு, இடுப்பிலிருந்து பாதத்துக்கு. சுருண்டிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. மெஷினில் துள்ளிக்கொண்டிருந்த எண் அடங்கியது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைக் காட்டுகிற எண் ஏறியது. பிறகு, டீச்சர், கொட்டாவி விட்டாள். அத்தனூண்டு வாயைத் திறந்து, பெரிய மனுஷி மாதிரி ஒரு கொட்டாவி. பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது முகமூடி நனைந்த பிறகுதான் தெரிந்தது.

எப்படி இது என்று கேட்டேன். தோலில் இப்படி அழுத்தம் படும்போது, மூளையிலிருந்து வயிற்றுக்குப் போகிற ஒரு பெரிய நரம்பு விழித்துக்கொள்ளுமாம். வயிறு அசையும், பால் செரிக்கும், இதயம் அவசரப்படாமல் அடிக்கும். "மந்திரமெல்லாம் இல்ல. காப்பாத்துறது மருந்து, வளக்குறது பால். நம்ம கை அந்தப் பாலை உடம்புல ஒட்ட வைக்குது, அவ்வளவுதான்" என்றாள்.

அவளுக்கு வேண்டுமானால் அது 'அவ்வளவுதான்'.

*

ஜூன் 25

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை வார்டு முழுவதற்கும் வாசித்துக் காட்டினேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் கண்டக்டர் அக்கா இருக்கிறார். டிக்கெட் இல்லாதவனைக் கண்ணாலேயே இறக்கிவிடுகிற ஆள். கொட்டாவி வந்த இடத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலை ஒன்று தோன்றியது. இங்கே வந்ததிலிருந்து என்னை ஒருவரும் வெறுங்கையால் தொட்டதில்லை. ஊசி போடுகிற கை, நாடி பார்க்கிற கை, எல்லாம் கையுறைக்குள். என் இடது கையை என் வலது கையாலேயே பிடித்துப் பார்த்தேன். நீங்கள் எழுதியபடி முதலில் சும்மா வைத்தேன், பிறகு தோளிலிருந்து கீழே. சிரிக்காதீர்கள், எனக்குக் கண் சொருகியது.

கண்டக்டர் அக்காவுக்கு மருந்தால் தூக்கமில்லை, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். டாக்டரைக் கேட்டேன். "ரெண்டு பேருக்கும் ஒரே வகை நோய்தான், கையைக் கழுவிட்டுச் செய்யுங்க. வீங்கியிருந்தா மட்டும் தொடாம என்னைக் கூப்பிடுங்க" என்றார். கண்டக்டர் அக்காவோ, "எனக்கு யாரும் காலைப் பிடிக்க வேணாம்" என்று முறைத்தார். பிடித்தேன். கல் மாதிரி இருந்த சதை, அழுத்திக்கொண்டே இருந்தபோது, என் கட்டைவிரலுக்கு அடியில் மெல்ல இளகியது. வலிக்கிறதா என்று நிமிர்ந்து கேட்டால், பதிலுக்குக் குறட்டை. மறுநாள் எழுந்ததும், "என்ன செஞ்சே நீ? யாரோ என் காலை மாத்தி வச்ச மாதிரி இருக்கு" என்றார்.

நோயை இது தீர்க்காது. மாத்திரைகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் தூங்கி எழுந்தவர் காலையில் சாப்பிட்டார், சாப்பிட்டவர் மருந்தை வாந்தி எடுக்கவில்லை. இத்தனை காலம் இந்தக் கைகளால் கரும்பலகையில் எழுதிக்கொண்டு மட்டுமே இருந்திருக்கிறேன்!

இன்னொன்றையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவளுக்கு உங்கள் கை பழகிவிடும். நான் வரும்போது என் கை அந்நியக் கையாக இருக்கும். உங்கள் தம்பியும் இப்படித்தான். எது நடந்தாலும் அக்கா கை வேண்டும் அவருக்கு. இப்போது மகளுமா?

*

ஜூலை 9

டீச்சருக்கு,

உன் கடைசி வரி குத்தியது. சூடாகப் பதில் எழுதிக் கிழித்துப்போட்டேன். தாமதத்துக்குக் காரணம் அதுமட்டும் இல்லை.

பொட்டுக்கு ரத்தத்தில் கிருமி சேர்ந்துவிட்டது. திடீரென்று நிறம் மாறினாள். டாக்டர் வந்து, "இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம். மசாஜும் வேண்டாம். உடம்பு போராடுது, தொந்தரவு பண்ணக் கூடாது" என்றார். தடவினால் தெம்பு வருமே என்று நான் கெஞ்சினேன். பிசியோ பெண்ணும் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், "எப்பத் தொடக் கூடாதுங்கிறதும் இதுல ஒரு பாடம்தான்மா" என்றாள்.

கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். கை என்று இரண்டு இருந்தும் ஒன்றும் செய்ய முடியாது. நீ அங்கே அத்தனை வாரமாக எப்படி இருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உனக்கு உடனே எழுதவில்லை. வெறும் கலவரத்தை எழுதி உனக்கு என்ன ஆகப்போகிறது?

இன்று காலை காய்ச்சல் இறங்கிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "தடவ வேணாம். கையை மட்டும் வச்சுட்டு இருங்க" என்றார். வைத்தேன். முன்பைவிட மெலிந்திருக்கிறாள். ஆனால் கை பட்டதும் பெருமூச்சு ஒன்று விட்டாள் பார், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய ஆள் மாதிரி.

உயிரோடு இருக்கிறாள், டீச்சர். நீ சாப்பிடு.

*

ஜூலை 13

அன்புள்ள அண்ணி,

சாப்பிட்டேன். உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

பதில் வராத நாட்களில் நான் கெட்டதையெல்லாம் நினைத்துவிட்டேன். கண்டக்டர் அக்கா என் பின்னால் உட்கார்ந்து, டிக்கெட் கிழித்துப் பழகிய அந்தக் கட்டைவிரல்களால் என் தோள்பட்டையை அழுத்தினார். "அழறதுன்னா அழு. நிறுத்தம் வர்றவரைக்கும் வண்டி ஓடும்" என்றார். கவலை எங்கேயும் போகவில்லை. ஆனால் அதைச் சுமந்துகொண்டு மூச்சுவிட முடிந்தது.

இனி கெட்ட செய்தியானாலும் உடனே எழுதுங்கள். அவளை இரண்டு பேராகத்தான் வளர்க்கிறோம்.

*

ஆகஸ்ட் 22

பெண்ணே,

பொட்டு என் வீட்டில் இருக்கிறாள். நேற்றுத்தான் அனுப்பினார்கள். குழாய் போய்விட்டது, பாட்டிலில் குடிக்கிறாள். கன்னம் வந்திருக்கிறது, தொடையில் ஒரு மடிப்புகூட விழுந்திருக்கிறது. அந்த மடிப்பைப் பார்க்க நர்ஸுகள் வரிசையில் வந்தார்கள்.

லாண்டரியில் பகல் வேலை கொஞ்ச காலத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காலையில் அவள் விழித்து, பசியும் தூக்கமும் இல்லாத நேரம் பார்த்து ஜன்னலோரம் பாயில் படுக்கவைக்கிறேன். கையைத் தேய்த்துக் காட்டுவேன். அந்தச் சத்தம் கேட்டாலே கால் உதைக்கிறாள். வயிற்றில் தொப்புளைச் சுற்றி வட்டமாகத் தடவினால் காற்று பிரிகிறது, அழுகை நிற்கிறது. முகத்தைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம். உடனே நிறுத்திவிட வேண்டும். இந்த வயதிலேயே வேண்டாம் என்று சொல்லத் தெரிகிறது அவளுக்கு.

எனக்கும் ஒன்று நடந்திருக்கிறது. ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் மெஷினைத் தட்டிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக இறங்கியிருக்கிறதாம். மாத்திரையை மட்டும் நிறுத்தாதே என்றார். தொடப்படுகிறவருக்கு மட்டும் இல்லை, தொடுகிறவருக்கும் உடம்பு அடங்கும் என்று பிசியோ பெண் சொல்லியிருந்தாள். நான் நம்பவில்லை.

நீ எப்போது வருவாய்? அவசரம் இல்லை. அவசரம்தான்.

*

செப்டம்பர் 24

அன்புள்ள அண்ணி,

சளிப் பரிசோதனை திரும்பத் திரும்பச் சுத்தமாக வந்துவிட்டது. என்னால் இனி யாருக்கும் தொற்றாது. மாத்திரை தொடரும், ஆனால் அவளைத் தூக்கலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். தூக்கலாம் என்று தமிழில் இவ்வளவு அழகான சொல் இருப்பது எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்து அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்துப்போகிறேன். கோபிக்க மாட்டீர்களே?

*

அக்டோபர் 1

பெண்ணே,

நீங்கள் போன பிறகு எழுதுகிறேன்.

நீங்கள் பஸ் ஏறும்வரை நான் ஏன் ஒன்றும் பேசவில்லை என்று நினைத்திருப்பாய். பேசியிருந்தால் அவளைக் கொடுத்திருக்க மாட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். நேற்று மேஜையில் விரிப்பைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை எடுக்காமல் கையாலேயே மேலிருந்து கீழே தடவிக்கொண்டு நின்றேனாம். மேஸ்திரி, "என்னம்மா, துணியைத் தூங்க வைக்கிறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் அழுகிறாளா? பொய் சொல்லாதே.

*

அக்டோபர் 8

அன்புள்ள அண்ணி,

அழுதாள். பொய் சொல்ல மாட்டேன். நான் கை வைத்த முதல் நாள் உடம்பை வில்லாக வளைத்துக் கத்தினாள். இரண்டாம் நாளும் அப்படியே. நீங்கள் எழுதியதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தேன். கண்டக்டர் அக்கா காலில் பழகியுமிருந்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. உங்களைப் போனிலாவது கூப்பிடலாமா என்றிருந்தது.

அப்புறம் தடவுவதையே விட்டுவிட்டேன். அவளை என் மார்பில் போட்டுக்கொண்டு கையை முதுகில் சும்மா வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அவளுக்கு நான் இருக்கிறேன் என்று தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். எனக்கும் அவள் இருக்கிறாள் என்று தெரிய வேண்டியிருந்தது. அப்படியே நாட்கள் போயின.

இன்று காலை பாயில் படுக்கவைத்து, அவள் கண்ணைப் பார்த்து, "தொடட்டுமா?" என்று கேட்டேன். தொடையிலிருந்து பாதம்வரை உறுதியாக ஒரு தடவை. அசையாமல் என்னையே பார்த்தாள். மறுகால். அப்போது, அண்ணி, அவள் முகம் மெல்ல மாறியது. ஏதோ வலி என்று பயந்துவிட்டேன். வலி இல்லை. சிரித்தாள். தூக்கத்தில் வருகிற சிரிப்பு இல்லை. என்னைப் பார்த்து, என் கைக்காக, வாய் முழுக்கச் சிரித்தாள். உலகத்தில் அதற்கு முன் யாரும் சிரித்ததே இல்லை என்பது போல இருந்தது எனக்கு.

அந்தச் சிரிப்பு வருகிற உடம்பை எலும்பும் தோலுமாக இருந்தபோது பிடித்து நிறுத்தியது யார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் இல்லாமல் அதைப் பார்த்தது எனக்கு அரைகுறையாக இருக்கிறது.

அவர் அடுத்த வாரம் வருகிறார். அவர் வரும் முன் நீங்கள் வாருங்கள். வாசலில் நிற்காதீர்கள், நேரே உள்ளே வாருங்கள்.

*

அக்டோபர் 11

பெண்ணே,

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். எனக்காக ஒன்றும் சமைத்துவைக்காதே, வீட்டை ஒழுங்குபடுத்தாதே. நீ அவளைத் தடவிக் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அது போதும். நீ அம்மா. நான் குறுக்கே வர மாட்டேன். தொட மாட்டேன்.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். பொய். தொடுவேன்.

அத்தை